கரில்லியனா, பால்ஃபர் பீட்டியா? 2017இல் நான் போட்ட கணக்கு

2017 ஏப்ரலில் எனக்குச் சீட்டுக் காசு விழுந்தது. எட்டாயிரம் பவுண். வங்கியில் போட்டால் வட்டி என்று ஒன்றும் இல்லாத காலம் அது. பங்கு வாங்குவதென்றால் தெரிந்த தொழிலில் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தது கட்டடத் தொழில்தான், அதுவும் கணக்கு மேசையில் இருந்து பார்த்த அளவுக்கு. தட்டிக் கழித்துக் கடைசியில் இரண்டு பெயர்கள் மிஞ்சின: கரில்லியன், பால்ஃபர் பீட்டி. இரண்டும் பிரித்தானியக் கம்பனிகள். இரண்டும் பாதையும் வைத்தியசாலையும் கட்டுகின்றன, கட்டியதைப் பிறகு பராமரித்தும் சம்பாதிக்கின்றன.

அத்தான் கரில்லியன் கட்சி.

"தம்பி, எட்டு வீதம் பங்கிலாபம் தாறான். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சாப்பாடு, ஆஸ்பத்திரி, மறியல்... எல்லாம் அரசாங்கத்தின்ர வேலை. இது எப்பிடி விழும்?"

"விழும் எண்டு சொல்லேல்லை அத்தான். அந்த எட்டு வீதம் எங்கயிருந்து வருது எண்டுதான் கேக்கிறன்."

எட்டு வீதம் என்பது கிட்டத்தட்டச் சரி. 2016ஆம் ஆண்டுக்குக் கரில்லியன் ஒரு பங்குக்கு 18.45 பென்ஸ் கொடுத்தது. அந்த வருடக் கடைசியில் பங்கின் விலை 240 பென்ஸுக்குச் சற்றுக் கீழே. பால்ஃபர் பீட்டி அதே ஆண்டுக்குக் கொடுத்தது 2.7 பென்ஸ், அதாவது ஒரு வீதம் தேறும். பங்கிலாபத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இதற்கு மேல் கதைக்க ஒன்றும் இல்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கரில்லியன் 1999இல் டார்மாக் கம்பனியிலிருந்து பிரிந்து வந்தது. தலைமையகம் வுல்வர்ஹாம்ப்டன். தானாக வளர்ந்ததை விட வாங்கி வளர்ந்ததுதான் கூட: 2006இல் மௌலெம், 2008இல் ஆல்ஃபிரட் மெக்அல்பைன், 2011இல் ஈகா. 2016இல் விற்றுமுதல் 5.2 பில்லியன் பவுண், ஊழியர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். பால்ஃபர் பீட்டி 1909இல் ட்ராம் பாதை வேலையோடு தொடங்கியது. நெடுங்காலம் பிஐசிசி என்ற கேபிள் கம்பனிக்குக் கீழே இருந்தது. அந்தக் குழுமம் கேபிள் தொழிலை விற்றுவிட்டு 2000இல் பால்ஃபர் பீட்டி என்ற பெயரையே தனக்கு எடுத்துக்கொண்டது.

எங்கள் ஆட்களுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. மகாவலியை மறித்த விக்டோரியா அணையைக் கட்டியது பால்ஃபர் பீட்டியும் நட்டலும் சேர்ந்த கூட்டு. 122 மீற்றர் உயரம், பிரித்தானிய உதவிப் பணம், 1985இல் பிரித்தானியப் பிரதமர் தட்சர் வந்து திறந்துவைத்தார். பழைய தெல்தெனிய நகரம் அதன் தண்ணீருக்குக் கீழே போனது. அணையைப் பார்த்துப் பங்கு வாங்கவில்லை, ஆனால் பெயரைக் கேட்டதும் மனதில் வந்தது அதுதான்.

2014இல் இந்த இரண்டுக்கும் கலியாணப் பேச்சே நடந்தது. பால்ஃபர் பீட்டி அப்போது படுத்திருந்தது. லாபம் குறையும் என்று அறிவிப்பு மேல் அறிவிப்பு, தலைமை நிர்வாகியும் விலகியிருந்தார். கரில்லியன் பெண் கேட்டுப் போனது. பார்சன்ஸ் பிரிங்கர்ஹோஃப் என்ற வடிவமைப்பு நிறுவனத்தை பால்ஃபர் பீட்டி விற்க முடிவுசெய்திருந்தது. கரில்லியனோ அதை விற்கக் கூடாது, சீதனத்தில் அதுவும் சேர வேண்டும் என்று நின்றது. பேச்சு முறிந்தது. மூன்றாம் முறை கேட்டும் மறுத்துவிட்டு, பால்ஃபர் பீட்டி அந்த நிறுவனத்தை 1.35 பில்லியன் டொலருக்கு விற்றது. 2015 தொடக்கத்தில் லியோ குவின் தலைமைக்கு வந்தார். வந்த சூட்டோடு பங்கிலாபத்தை நிறுத்தினார். 2016இல்தான் கொஞ்சமாகத் திரும்பக் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த 2.7 பென்ஸ் ஏன் அவ்வளவு சின்னது என்பதற்கு விளக்கம் இதுதான்.

இனி நான் தீர்மானித்த விடயத்துக்கு வருகிறேன்: கைக்கு வரும் காசு.

நான் அப்போது வேலை செய்தது குளிரூட்டிக் காற்றுக் குழாய் பூட்டும் ஒரு சின்னக் கம்பனியில். பதினான்கு பேர், மூன்று வான். நாங்கள் உப ஒப்பந்தகாரர். மேலே ஒரு பெரிய ஒப்பந்தகாரர், பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் செய்த வேலையை அளந்து அனுப்புவோம். அவர்கள் பார்த்து, வெட்டி, ஒரு தொகைக்குச் சான்றிதழ் தருவார்கள். அதன் பிறகு காத்திருப்பு. எழுபதாம் நாள் தொலைபேசி எடுத்தால், கையெழுத்து வைக்கிறவர் லீவில் நிற்பார். எண்பதாம் நாள், எங்கள் பற்றுச்சீட்டில் ஓர் இலக்கம் பிழை, திரும்ப அனுப்பு என்பார்கள். வெள்ளிக்கிழமைச் சம்பளத்துக்கு முதலாளி தன் வீட்டுக் கடனட்டையை இழுத்த நாட்கள் உண்டு. அட்டையை இழுத்துவிட்டு, ரசீதை மடித்து என் மேசை லாச்சிக்குள் பேசாமல் வைத்துவிட்டுப் போவார். அந்த லாச்சியைத் திறந்துதான் பெரிய கம்பனிகள் எப்படி ஓடுகின்றன என்று நான் படித்தேன்.

எங்கள் காசு எண்பது நாள் அவர்கள் வங்கியில் கிடக்கிறது. வாடிக்கையாளர் அவர்களுக்கு மாதா மாதம் கட்டிவிடுகிறார். ஆகவே பெரிய ஒப்பந்தகாரரின் வங்கிக் கணக்கில் தெரிவது பாதி ஊரார் காசு. வேலை கூடக் கூட அந்தக் காசும் கூடும், கம்பனி செழிப்பாகத் தெரியும். புது வேலை வருவது குறைந்தாலோ எடுத்த வேலையில் நட்டம் வந்தாலோதான் குட்டு வெளிப்படும். சீட்டுப் பிடிக்கிற எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு சீட்டு உடையப் பார்த்தால் சீட்டுக்காரர் இன்னொரு சீட்டுத் தொடங்குவார், புதுச் சீட்டின் முதல் மாதக் காசில் பழைய சீட்டுக்குக் கொடுப்பார். புதுச் சீட்டுக்கு ஆள் சேரும் வரைக்கும் அவர் நல்ல மனுசன்.

கரில்லியன் 2013இல் தன் விநியோகஸ்தர்களுக்கு 120 நாள் தவணை கொண்டுவந்தது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. முந்தி வேண்டுமென்றால் வங்கியொன்று கொடுக்கும், அதற்கு ஒரு கழிவு. வங்கிக்குக் கரில்லியன் பிறகு கட்டும். உண்மையில் இது வங்கிக் கடன், ஆனால் ஐந்தொகையில், அதாவது கம்பனியின் சொத்தும் பொறுப்பும் எழுதும் பட்டியலில், கடன் என்ற வரியில் வராது, கொடுக்க வேண்டிய மற்றவை என்ற வரியில் ஒளிந்துகொள்ளும். இப்படி ஒளிந்தது 498 மில்லியன் வரை இருக்கலாம் என்று கடன் தரம் பார்க்கும் மூடிஸ் நிறுவனம் பின்னால் சொன்னது. 2017 ஏப்ரலில் எனக்கு அந்த இலக்கம் தெரியாது. அந்த வரி வருடா வருடம் வீங்குவதும் 120 நாளும்தான் தெரிந்தன.

ஆனால் ஒரு வரி ஆண்டறிக்கையிலேயே கிடந்தது. 2016 டிசம்பர் 31இல் நிகரக் கடன், அதாவது கையிருப்பைக் கழித்த கடன், 219 மில்லியன். அதே ஆண்டின் சராசரி நிகரக் கடன் 587 மில்லியன். விருந்தாள் வருகிற நாளில் மட்டும் முற்றம் கூட்டுகிற வீடு இது. மற்ற நாட்களில் கடன் இரண்டரை மடங்கு. பக்கத்தில் பால்ஃபர் பீட்டியின் அறிக்கை: கடன் போக நிகரக் கையிருப்பு 173 மில்லியன். அதுவும் வருடக் கடைசி இலக்கம்தான், அதிலும் ஊரார் காசு இருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பக்கபலமாக வைத்தியசாலைகள், பாதைகள், மாணவர் விடுதிகளில் போட்ட முதலீடுகள் இருந்தன. இயக்குநர்களே மதிப்பிட்ட தொகை சுமார் 1.2 பில்லியன். அவர்களே போட்ட விலைதானே என்று இருபது வீதம் கழித்துப் பார்த்தேன், அப்போதும் பெரிய தொகை. அவசரமென்றால் ஒன்றிரண்டை விற்கலாம். லண்டனைச் சுற்றும் எம்25 பாதையில் இருந்த பங்கில் ஒரு பகுதியை 2017 கடைசியில் விற்கத்தான் செய்தார்கள்.

கரில்லியனிடம் விற்க என்ன இருந்தது? ஐந்தொகையில் மிகப் பெரிய சொத்து நன்மதிப்பு, 1.57 பில்லியன். மௌலெமுக்கும் மெக்அல்பைனுக்கும் ஈகாவுக்கும் கூடுதலாகக் கொடுத்த விலை அப்படியே சொத்தாக எழுதப்பட்டிருந்தது. ஈகாவை வாங்கி மாதக்கணக்கில் அரசாங்கம் சூரிய மின்சாரத்துக்கான விலையை வெட்டப் புறப்பட்டது, அதை நம்பியிருந்த ஈகாவின் தொழில் நட்டத்தில் போனது. நன்மதிப்போ ஒரு சதமும் குறையவில்லை. முழுக் கம்பனியின் நிகரச் சொத்து 730 மில்லியன்தான். நன்மதிப்பைக் கழித்தால் கீழே பள்ளம். ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் இருந்த பற்றாக்குறை வேறு 800 மில்லியன் அளவில்.

அத்தானிடம் இதையெல்லாம் கடுதாசியில் எழுதிக் காட்டினேன். "கேபிஎம்ஜி கையெழுத்து வைச்சிருக்கிறான். அவனை விட உனக்குத் தெரியுமோ?" என்றார். கேபிஎம்ஜிதான் கரில்லியனின் கணக்காய்வாளர். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் பால்ஃபர் பீட்டியை வாங்கினேன். அதைத் தங்கமென்று சொல்லவில்லை. 2000இல் ஹட்ஃபீல்டில் தண்டவாளம் உடைந்து ரயில் கவிழ்ந்து நான்கு பேர் இறந்தார்கள். அந்தப் பாதையைப் பராமரித்தது பால்ஃபர் பீட்டி, நீதிமன்றம் போட்ட தண்டம் மேன்முறையீட்டுக்குப் பிறகு 7.5 மில்லியன். மலேசியாவில் அவர்களும் கட்டிய பெர்காவ் அணைக்குப் பிரித்தானிய அரசு கொடுத்த உதவி சட்டவிரோதம் என்று 1994இல் லண்டன் நீதிமன்றம் தீர்த்தது. நான் வாங்கிய பிறகும் ஒன்று வந்தது: அமெரிக்க இராணுவ வீடுகளைப் பராமரிக்கும் அவர்களின் கிளை, திருத்த வேலைப் பதிவுகளில் மோசடி செய்ததாக 2021 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தண்டமும் நட்டஈடும் 65 மில்லியன் டொலருக்கு மேல். சங்க வேலை செய்த தொழிலாளருக்கு வேலை கொடுக்காமலிருக்க இரகசியமாக வைத்த கறுப்புப் பட்டியல் விவகாரத்தில் இரண்டு கம்பனிகளின் பெயரும் உண்டு. நல்ல கம்பனி எது என்பது என் கேள்வியாக இருக்கவில்லை. சம்பள நாளில் காசு இருக்கிற கம்பனி எது என்பதுதான்.

2017 ஜூனில் கரில்லியன் 54 மில்லியன் பங்கிலாபம் கொடுத்தது. ஜூலை 10ஆம் திகதி, ஒப்பந்தங்களில் 845 மில்லியன் கழித்து எழுதுகிறோம் என்று அறிவித்தது. பங்கு ஒரே நாளில் 39 வீதம் விழுந்தது. அடுத்த கிழமையே அரசாங்கம் அதிவேக ரயில் பாதையில் 1.4 பில்லியன் வேலையை கரில்லியன் இருந்த கூட்டுக்குக் கொடுத்தது. அத்தான் உடனே தொலைபேசி எடுத்தார்: "பாத்தியே, அரசாங்கம் விடாது!" செப்டெம்பரில் இன்னுமொரு 200 மில்லியன் கழித்து எழுதினார்கள். 2018 ஜனவரி 15இல் கம்பனி கலைப்புக்குப் போனது. கையில் மிஞ்சியது 29 மில்லியன், பொறுப்புகள் கிட்டத்தட்ட 7 பில்லியன். கடைசி விலை ஒரு பங்கு 14.2 பென்ஸ். கணக்காய்வில் விட்ட குறைகளுக்காகக் கேபிஎம்ஜிக்கு 2023இல் 21 மில்லியன் தண்டம் விழுந்தது.

கரில்லியனை வாங்காத எனக்கும் அதன் சூடு பட்டது என்பதுதான் நான் எதிர்பாராதது. அபர்டீன் நகரைச் சுற்றும் பாதையை பால்ஃபர் பீட்டி, கரில்லியன், கலிஃபோர்ட் ட்ரை மூன்றும் கூட்டாக எடுத்திருந்தன. கூட்டில் ஒருவர் விழுந்தால் அவர் பங்கை மற்றவர்கள் சுமக்க வேண்டும். கரில்லியன் விழுந்த அன்றைக்கே பால்ஃபர் பீட்டி, 35 முதல் 45 மில்லியன் வரை மேலதிகமாகப் போட வேண்டி வரும் என்று அறிவித்தது. கூட்டாளி யார் என்று பார்க்க வேண்டும் என்பது நான் போட்ட கணக்கில் இல்லாத வரி.

பராமரிப்பு, உணவு, துப்புரவு என்ற சேவைப் பக்கத்தில் எனக்கு அனுபவம் குறைவு, வைத்தியசாலையில் நின்று பார்த்தவன் என்பதைத் தவிர. ஆகவே அந்தப் பக்கத்தில் எது திறம் என்று நான் தீர்ப்புச் சொன்னால் நம்ப வேண்டாம். கட்டடப் பக்கத்தில் ஒரு நேரடி ஒப்பீடு கிடைத்தது. கரில்லியன் பாதியில் விட்ட பர்மிங்காம் பக்கத்து மிட்லண்ட் மெட்ரோபொலிட்டன் வைத்தியசாலையை முடித்துக் கொடுத்தது பால்ஃபர் பீட்டி. திறந்தது 2024 ஒக்ரோபரில்.

அத்தான் கரில்லியன் பங்கு வாங்கவே இல்லை. அந்த ஏப்ரலில் அக்கா குசினியை இடித்துப் பெருப்பிக்க வேண்டும் என்று நின்றா, காசு முழுக்க அதற்குப் போனது. குசினி வேலை எடுத்தவருக்கு எத்தனை நாளில் காசு கொடுத்தீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "வேலை முடிஞ்ச அண்டைக்கே, கையில" என்றார் அத்தான், கொஞ்சம் கோபத்தோடு.