தாழ்வான ரெட் டாட் மவுண்ட்: இரண்டு வருடம், ஒன்பதாயிரம் தோட்டா

46 வயதில் எனக்கு முன்குறி மங்கிப்போனது. பிஸ்டலில் குறிபார்க்கும்போது பின்குறியின் வெட்டுக்கு நடுவில் முன்குறித் தகடு விளிம்பு பிசிறாமல் தெரிய வேண்டும். தூரத்தில் இருக்கும் இலக்கு கொஞ்சம் கலங்கலாக இருந்தால் பரவாயில்லை. எனக்கு இரண்டும் இடம் மாறிவிட்டன. இலக்கு பளிச்சென்று தெரிந்தது, தகடு புகைமூட்டத்தில் நின்றது. கண் டாக்டரிடம் போனால், "வெள்ளெழுத்து, எல்லாருக்கும் வருவதுதான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அப்படித்தான் ரெட் டாட் பக்கம் வந்தேன். சின்னக் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளி தெரியும், அதை இலக்கின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். அதைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் தாங்கிதான் மவுண்ட்.

நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில். சுடுவது இங்கே புல்ஸ்ஐ என்று அழைக்கப்படும் பழைய பாணிப் போட்டி. ஒரு கை மட்டும்தான், மற்றது பேன்ட் பாக்கெட்டில். நிதானச் சுற்றில் 10 தோட்டாவுக்கு 10 நிமிடம். நேரச் சுற்றில் 5 தோட்டாவுக்கு 20 வினாடி, வேகச் சுற்றில் அதே 5 தோட்டாவுக்கு 10 வினாடி. வெளி மைதானத்தில் நிதானச் சுற்று 50 யார்டில், மற்ற இரண்டும் 25 யார்டில். எல்லாம் சேர்த்து 90 தோட்டா, 900 புள்ளி.

துப்பாக்கி ரூகர் மார்க் 4 டார்கெட், .22 காலிபர், ஐந்தரை அங்குலக் கனமான பேரல். ரெட் டாட் வைக்க இதைவிட வசதியான அமைப்பு கிடைப்பது கஷ்டம். பல பிஸ்டல்களில் மேல்பகுதி முழுவதும் ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னால் போய் முன்னால் வரும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் டாட்டும் கூடவே அடிபடும். ரூகரில் பேரலும் அதன் பின்னால் உள்ள ரிசீவர் என்ற உடற்குழாயும் அசையாமல் ஒன்றாக இணைந்திருக்கும். உள்ளே இருக்கும் போல்ட் (தோட்டாவை அறைக்குள் தள்ளும் பாகம்) மட்டும்தான் ஓடும். ரிசீவரின் தலையில் ஏற்கெனவே துளையிட்டு மரை போட்டுத் தந்திருக்கிறார்கள். பின்னால் உள்ள பொத்தானை அழுத்தினால் மேல்பகுதி தனியாகக் கழன்று வரும் என்பதால், டாட்டைத் தொடாமலே உள்ளே சுத்தம் செய்யலாம். இரண்டு வருடத்தில் சுத்தம் செய்த பிறகு குறி மாறிப்போனது என்று ஒருமுறைகூட நடக்கவில்லை.

முதலில் எல்லோரையும் போலத்தான் செய்தேன். ரெயில் என்ற நீளப் பட்டையைப் பொருத்தி, அதன் மேல் இரண்டு வளையம் போட்டு, 30 மி.மீ. குழாய் டாட் ஒன்றை ஏற்றினேன். கிளப்பில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், நல்ல சாமான். ஆனால் குழாயின் நடு, பேரலின் நடுவிலிருந்து 42 மி.மீ. உயரத்தில் நின்றது. பழைய இரும்புக் குறி சுமார் 20 மி.மீ. உயரத்தில்தான் இருந்தது. பத்து வருடம் அந்த உயரத்துக்குப் பழகிய மணிக்கட்டு, கையைத் தூக்கினால் பழைய இடத்திலேயே போய் நிற்கும். குழாய்க்குள் பார்த்தால் புள்ளி இருக்காது. மணிக்கட்டை லேசாக மடித்துத் தேட வேண்டும், தேடும்போது பிடி மாறும். நிதானச் சுற்றில் இதைப் பத்து முறை செய்தால் ஏழாவது தோட்டாவுக்கே தோள் சலித்துவிடும். ஆறு மாதம் பொறுத்தேன். "கை பழகிவிடும்" என்றார் பக்கத்து மேடைப் பெரியவர். அவருக்குப் பழகியிருக்கிறது, எனக்குப் பழகவில்லை.

அப்புறம்தான் இந்தத் தாழ்வான மவுண்ட். 3 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகடு, அவ்வளவுதான். ரெயில் இல்லை, வளையம் இல்லை. தகடு நேராக ரிசீவரில் திருகப்படுகிறது, டாட் நேராகத் தகட்டில். அதன் மேல் வைத்தது வோர்டெக்ஸ் வெனம், குழாய் இல்லாத திறந்த வகைச் சின்ன டாட். எடை பேட்டரியோடு 30 கிராம் சொச்சம். வாங்கும்போது கவனிக்க வேண்டியது அடித்தடம், அதாவது டாட்டின் அடியில் உள்ள துளை அமைப்பு. வெனம், பர்ரிஸ் ஃபாஸ்ட்ஃபயர் எல்லாம் டாக்டர் (Docter) என்ற ஜெர்மானிய பிராண்டு டாட்டின் துளை அமைப்பில் உட்காரும். ட்ரிஜிகான் ஆர்எம்ஆர், ஹோலோசன் 507சி ஆகியவற்றின் துளை அமைப்பு வேறு. ஒன்றுக்கு வாங்கிய தகட்டில் மற்றது உட்காராது. பொருத்திய பிறகு கண்ணாடியின் நடு 28 மி.மீ. உயரத்தில் வந்தது.

பொருத்தியது அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை முழுசும் போனது. மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் மேஜையில் வைத்தேன். துளைகளில் வரும்போதே குட்டி மூடித் திருகுகள் இருக்கும். அதில் ஒன்று அசையவில்லை. சரியாகப் பொருந்தாத திருப்புளியைப் போட்டு அழுத்தியிருந்தால் தலை வழித்துக்கொண்டு போயிருக்கும். சால்டரிங் அயனை அதன் தலையில் இரண்டு நிமிடம் வைத்துச் சூடாக்கிய பின் கழன்றது.

அடுத்தது மவுண்ட்டோடு வந்த திருகுகள். எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு போல்ட்டை இழுத்துப் பார்த்தால், வழியில் ஏதோ மெல்ல உராய்கிறது. முன் திருகு அரை மி.மீ. நீளம் அதிகம், முனை ரிசீவருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே சுட்டிருந்தால் போல்ட்டில் கோடு விழுந்திருக்கும். நுண்ணரத்தால் தேய்த்துக் குறைத்தேன். விற்றவர்களுக்கு எழுதினேன், மன்னிப்பு வந்தது, திருகு வரவில்லை. ஆகவே யார் தயாரித்த மவுண்ட் ஆனாலும் சரி, ஒவ்வொரு திருகையும் தனித்தனியாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது தப்பு முழுக்க என்னுடையது. மரைகளில் இருந்த தொழிற்சாலை எண்ணெயைத் துடைக்காமலே, திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் வைத்தேன். எண்ணெய் மேல் அது சரியாகப் பிடிக்காது. 600 தோட்டா போல ஆனதும் குண்டுத் துளைகள் வலப்பக்கம் சிதற ஆரம்பித்தன. இரண்டு வாரம் என் விரலையே சந்தேகப்பட்டேன். ட்ரிக்கரை இழுக்கும் விதத்தை மாற்றினேன், தோட்டா பிராண்டை மாற்றினேன். கடைசியில் டாட்டைப் பிடித்து அசைத்தால், அதுவும் அசைந்தது! எல்லாவற்றையும் கழற்றி, அசிட்டோனில் கழுவி, தகட்டின் திருகுகளுக்கு நீலமும் டாட்டின் சின்னத் திருகுகளுக்கு அதைவிட மென்மையான ஊதாவும் தொட்டு வைத்தேன். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் டிரைவரால் துண்டுத்தாளில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். சிவப்பு லாக்டைட் வேண்டாம், பிறகு கழற்றுவது பெரும்பாடு. திருகுத் தலையிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு மெல்லிய கோடு இழுத்து வைத்திருக்கிறேன். திருகு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அதற்குப் பிறகு எட்டாயிரம் தோட்டாவுக்கு மேல் ஓடியும் கோடு நேராகவே இருக்கிறது.

சரி, தாழ்வாக வைத்ததால் என்ன கிடைத்தது? விற்பவர்கள் சொல்வதில் பாதி தப்பு. தாழ்வான மவுண்ட் என்றால் 25 யார்டுக்கும் 50 யார்டுக்கும் குறி அவ்வளவாக மாறாது என்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. 50 யார்டுக்குக் குறி வைத்துவிட்டு 25 யார்டில் சுட்டால், இந்த மவுண்ட்டில் முக்கால் அங்குலம் மேலே படுகிறது. பழைய உயரக் குழாயில் அரை அங்குலம்தான். யோசித்தால் காரணம் எளிது. தோட்டா பேரலில் இருந்து கிளம்பி, பார்வைக் கோட்டை எட்டிப் பிடித்து, அதற்கு மேலே ஏறி, 50 யார்டில் திரும்ப இறங்கி வந்து சேர்கிறது. பார்வைக் கோடு உயரமாக இருந்தால் பாதி வழியில் தோட்டா அதற்கு மேல் அதிகம் எழும்ப முடியாது. ஆக, தாழ்த்தியதால் எனக்கு ஒரு எம்ஓஏ (கோண அளவு, 25 யார்டில் சுமார் கால் அங்குலம்) திருத்தம் கூடியிருக்கிறது. இப்போது தூரம் மாற்றும்போது 3 எம்ஓஏ திருப்புகிறேன்.

துப்பாக்கி சாய்ந்தால் வரும் பிழை குறையும் என்பதும் அப்படித்தான். குறி வைத்த தூரத்தில் அந்தப் பிழை தோட்டா எவ்வளவு கீழே விழுகிறது என்பதைப் பொறுத்தது, டாட்டின் உயரத்தைப் பொறுத்தது அல்ல. 50 யார்டில் என் தோட்டா சுமார் 5 அங்குலம் விழுகிறது. 5 டிகிரி சாய்த்தால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பக்கவாட்டில் போகும், எந்த மவுண்ட் ஆனாலும்.

எனக்குக் கிடைத்தது வேறு. கையைத் தூக்கினால் புள்ளி கண்ணாடிக்குள் இருக்கிறது, தேட வேண்டியதில்லை. அது ஒன்றே போதும். துப்பாக்கியின் தலையில் பாரமில்லாததால் சுட்ட பிறகு அதன் மூக்கு ஆடுவதும் குறைந்திருக்கிறது. வேகச் சுற்றில் அடுத்த தோட்டாவுக்குப் புள்ளி சீக்கிரம் திரும்பி வருகிறது. ஸ்கோர் நோட்டைப் புரட்டினால் நிதானச் சுற்றில் குழாய் டாட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. வேகச் சுற்றில் நூற்றுக்கு மூன்று, நான்கு புள்ளி கூடியிருக்கிறது. பெரிய ஏற்றம் எல்லாம் இரும்புக் குறியிலிருந்து டாட்டுக்கு மாறியபோதே வந்துவிட்டது. அந்தப் பெருமை மவுண்ட்டுக்குப் போகாது, வெள்ளெழுத்துக்கு மருந்து கிடைத்ததற்குப் போகும்.

புள்ளியின் அளவு பற்றிக் கொஞ்சம். வெனம் 3 எம்ஓஏ, 6 எம்ஓஏ என இரண்டு அளவில் வருகிறது. நான் முதலில் வாங்கியது 6. 25 யார்டில் அது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலே தெரியும், இலக்கின் நட்டநடுவில் உள்ள எக்ஸ் வளையமும் (1.695 அங்குலம்) கிட்டத்தட்ட அதே அளவு. பிரமாதம். 50 யார்டுக்குப் போனால் புள்ளி மூன்று அங்குலத்துக்கு மேல் விரிந்து, 3.36 அங்குலப் பத்து வளையத்தையே ஏறக்குறைய மூடிவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை, கிளப் நண்பர் ஒருவரிடம் 3-க்கு மாற்றிக்கொண்டேன். சிறிய புள்ளியில் இன்னொரு சங்கடம்: கை நடுக்கம் அப்பட்டமாகத் தெரியும். இரும்புக் குறியிலும் அதே நடுக்கம்தான் இருந்தது, கண்ணுக்குத் தெரியாததால் நிம்மதியாக இருந்தோம். புள்ளி நடுவுக்கு வரும் நொடியில் வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். முதல் மூன்று மாதம் அப்படி இழுத்துக் கெடுத்த தோட்டாக்கள் எத்தனையோ.

புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்த மாதிரி தெரிந்தால் சாமானைத் திருப்பி அனுப்புவதற்கு முன் போன் கேமராவை வைத்துப் பாருங்கள். கேமராவில் வட்டமாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணில். எனக்கு இடக்கண்ணில் அது உண்டு, நல்லவேளை நான் வலக்கண்ணால் சுடுபவன்.

தாழ்வாக வைத்ததற்குக் கொடுக்கும் விலை அழுக்கு. சுட்ட தோட்டாவின் வெற்று உறை வெளியேறும் வாய்க்குப் பக்கத்திலேயே டாட் குந்தியிருப்பதால், 200 தோட்டாவுக்குள் கண்ணாடியில் சாம்பல் நிறப் படலம் படிந்துவிடுகிறது. .22 தோட்டாவின் ஈயத்தில் தடவிய மெழுகும் மருந்துக் கரியும் சேர்ந்த பிசுக்கு அது. விரலால் துடைத்தால் ஈஷிக்கொள்ளும். காது குடையும் பஞ்சுக் குச்சியும் கண்ணாடித் திரவமும் பெட்டியில் எப்போதும் இருக்கும். மழை இன்னும் மோசம். திறந்த அமைப்பு என்பதால் ஒளி கிளம்பும் இடத்தில் ஒரு துளி விழுந்தாலும் ஒரு புள்ளி நான்காகிவிடும். குழாய் டாட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஈரி ஏரிப் பக்கத்து மைதானங்களில் அடிக்கடி சுடுபவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இரும்புக் குறி இன்னும் துப்பாக்கியில்தான் இருக்கிறது, ஆனால் டாட் அதை மறைத்து நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால் மாற்று வழி இல்லை. வெனத்தில் பேட்டரி மேலிருந்து போடுவது, ஆகவே டாட்டைக் கழற்றிக் குறியைத் திரும்ப வைக்க வேண்டியதில்லை. அடியில் பேட்டரி இருக்கும் டாட்களை இதனாலேயே தவிர்த்தேன்.

இந்தியாவில் கிளப்பில் சுடுபவர்கள் இதைப் படித்தால் ஒரு விஷயம்: ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் இரும்புக் குறி மட்டும்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் எடுத்ததும் திறந்த குறியில்தான். ஆகவே அந்தப் போட்டிகளுக்குத் தயாராகிறவர்களுக்கு இந்தச் செலவு வீண்.

குழாய் டாட்டை விற்கவில்லை, வளையங்களோடு அலமாரியில் கிடக்கிறது. போன மாதம் மழையில் ஒரு போட்டி முழுக்க நனைந்து, 50 யார்டில் நான்கு புள்ளிகளில் எது நிஜம் என்று விழித்துக்கொண்டு நின்றபோது அதன் ஞாபகம் வந்தது. இப்போதைக்கு ஒரு சின்னக் குடைத் தகடு செய்துகொண்டிருக்கிறேன், பால் கேன் பிளாஸ்டிக்கில்.