ஐரிஸா செங்காந்தளா, ஏற்காட்டுக்கு எது சரி?

ஏற்காட்டுல அக்கா வீட்டு வேலியோரம் நீலப் பூ வேணும்னாங்க, நானும் ப்ளூ ஃப்ளாக் ஐரிஸ்னு சொல்லிட்டேன். கனடா, அமெரிக்கா கிழக்குப் பக்கம் சதுப்புல தானா வளர்றது, க்யூபெக் மாகாணத்துக்கு 1999லேர்ந்து அதான் அரசுப் பூ. ஈரம் எவ்ளோ இருந்தாலும் தாங்கும், ஆனா அதுக்குப் பழக்கம் உறையற குளிர், ஏற்காடு 1500 மீட்டர் உயரம்னாலும் அந்தக் குளிருக்கு எங்க போறது, இலை பச்சையா நிக்கும், பூக்கறது சந்தேகம்தான்.

செங்காந்தள் கதையே வேற. நம்ம மாநிலப் பூ, மழை விழுந்ததும் கொடி எந்திரிச்சு இலை நுனியாலயே கம்பிய சுத்திக்கும், பூ முதல்ல பச்சை கலந்த மஞ்சளா இருந்து அப்புறம் நெருப்பாட்டம் செவந்துடும். கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கும், அதோட முளை நுனிய மட்டும் உடைச்சிடாதீங்க, நான் பையில திணிச்சுட்டு வந்து ரெண்டு கிழங்கு முளைக்கவே இல்ல. தண்ணி தேங்குனா அழுகிடும், மலைச் சரிவுல அந்தக் கவலை இல்ல. கொடி காஞ்சா செத்துடுச்சுன்னு பிடுங்காதீங்க, கிழங்கு உள்ள தூங்குது.

சேலத்துல மாடித் தொட்டியிலகூட வரும், ஐரிஸ அந்த வெயில்ல நினைச்சே பாக்காதீங்க.

ஆனா செங்காந்தள் கிழங்கு, விதை எல்லாமே விஷம், அதனால ஆட்டுப்பட்டி பக்கம் மட்டும் வேணாம்னுட்டேன். அக்கா இன்னும் நீலம்தான் வேணும்னு முறைக்கறாங்க.