பழைய டாக்மேஜிக்கா, புது டாக்கா?

டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்குப் புரியும் அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டிதான் டாக். கேம்பிரிட்ஜ் ஆடியோவின் டாக்மேஜிக் என்ற டாக் என் ஆம்ப் பக்கத்தில் குடியேறிப் பதினைந்து வருடம் ஆகிறது. 2009 வாக்கில் பேர் வாங்கிய மாடல். உள்ளே இரண்டு வுல்ஃப்சன் டபிள்யூஎம்8740 சிப்புகள். அந்த வுல்ஃப்சன் கம்பெனியே 2014ல் சிரஸ் லாஜிக் கைக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் நண்பர்கள் "இன்னுமா இதை வெச்சிருக்கே?" என்று கேட்டுக்கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவரிடம் டாப்பிங் இ30 டூ என்ற புது டாக்கை இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். இன்னொருவர் வீட்டில் என்னுடையதன் புது வாரிசான டாக்மேஜிக் 200எம் இருக்கிறது. அதையும் இரண்டு முறை போய்க் கேட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் டாப்பிங்தான் ஜெயித்தது. குரல் முன்னால் வந்தது, பேஸ் கெட்டியாக இருந்தது. மறுநாள்தான் உறைத்தது: கேபிளை மாற்றும்போது வால்யூமைக் குறைத்தவன், திரும்பக் கண்ணளவில் ஏற்றியிருக்கிறேன். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைச் 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்றுதான் சொல்லும். டாக் ஒப்பீடுகளில் பாதி இந்தக் குழியில்தான் விழுகின்றன.

அதனால் முறைப்படி செய்தேன். டாக்மேஜிக்கின் முதுகில் டிஜிட்டல் அவுட் உண்டு. உள்ளே வரும் சிக்னலை அப்படியே வெளியே தள்ளும். அதிலிருந்து டாப்பிங்குக்கு ஒரு ஆப்டிகல் கேபிள், இரண்டும் ஆம்ப்பின் தனித்தனி இன்புட்டுகளில். 100 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, டாப்பிங்கின் ரிமோட்டால் கால் டெசிபலுக்குள் சமமாக்கினேன். (1000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவு மீட்டர்கள் அந்த அதிர்வெண்ணில் சரியாகக் காட்டாது.) பையன் எனக்குத் தெரியாமல் இன்புட்டை மாற்றிக்கொண்டே இருக்க, இருபது முறை ஊகித்தேன். பதினொன்று சரி. நாணயம் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

அசிங்கமாக இருந்தது, ஆனால் ஆச்சரியம் இல்லை. 2007ல் மேயர், மோரன் என்ற இருவர் சிடியைவிட உயர்தரமான எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ தட்டுகளின் ஒலியை நேரடியாக ஒருமுறையும், சிடியின் தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்குள் நுழைத்து எடுத்து ஒருமுறையுமாகப் போட்டுக்காட்டினார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. போதாததற்கு, நான் கேட்பதில் பெரும்பகுதி எண்பதுகளின் தமிழ்ப் பாட்டு. அவை பிறந்தது டேப்பில். டேப்பின் இரைச்சலுக்கு மேலே கிடைக்கும் இடைவெளி ஏறக்குறைய 70 டெசிபல். 16 பிட்டே 96 டெசிபல் தரும். டாப்பிங்கின் ஏகே4493எஸ் சிப் காகிதத்தில் வுல்ஃப்சனைத் தூக்கிச் சாப்பிடும். அந்த வித்தியாசம் முழுக்க டேப்பின் 'உஸ்ஸ்'ஸுக்கு அடியில் கிடக்கிறது.

அப்படியானால் டாக்கில் எதுதான் பழசாகிறது? வாசல்கள், அதாவது சிக்னல் உள்ளே வரும் இன்புட்டுகள். டாக்மேஜிக்கின் யுஎஸ்பி 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். கம்ப்யூட்டரின் கடிகாரத்துக்குத் தாளம் போடும் பழைய பாணி யுஎஸ்பி அது. இப்போதைய டாக்குகள் தம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைத்தான் தம் பின்னால் வரச்சொல்லும். டாப்பிங்கிலும் 200எம்மிலும் யுஎஸ்பி வழியாக 768 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம். யார் போகிறார்கள் என்பது வேறு விஷயம். ஆப்பிள் மியூசிக் லாஸ்லெஸ் கூட 192ஓடு முடிகிறது. பழைய யுஎஸ்பிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: டிரைவர் கேட்காது. எதில் செருகினாலும் பேசும்.

டாக்மேஜிக்கின் ஆப்டிகல், கோஆக்சியல் வாசல்கள் 24 பிட், 96 வரை வாங்கும். எனக்கு முடிச்சு அவிழ்ந்தது இங்கேதான். கம்ப்யூட்டரை யுஎஸ்பியில் கோத்தபோது ஸ்பீக்கரில் மெல்லிய 'ம்ம்ம்' கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்குக்கு வயதாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஆப்டிகலுக்கு மாறியதும் நின்றுவிட்டது. இரண்டு எர்த் சேர்ந்து போட்ட வட்டம் அது. கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக் இழையிலோ மின்சாரம் போகாதே.

200எம் பற்றிச் சுருக்கமாக. ஹெட்ஃபோன் ஆம்ப், ப்ளூடூத், பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் (இரைச்சலைத் தடுக்கும் மூன்று முள் அவுட்) எல்லாம் ஒரே பெட்டியில். ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு அருமையான பொருள். விலை டாப்பிங்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல். எக்ஸ்எல்ஆர் என் பழையதிலும் இருக்கிறது, டாப்பிங்கில் இல்லை. ஹெட்ஃபோன் நான் மாட்டுவதில்லை. எனக்கு அந்தக் காசு அதிகம்.

பழையதை வைத்துக்கொள்வதில் உண்மையான பயம் கெபாசிட்டர்தான். சென்னை வெயிலில், மூடிய அலமாரிக்குள், இரவும் பகலும் ஆனில் கிடந்தால் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் காய்ந்துபோகும். பத்து டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பு என்பது கணக்கு. மேல்மூடியைத் திறந்து பார்த்தேன், எதுவும் உப்பவில்லை. உப்பியிருந்தாலும் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். நன்றாகச் சால்டரிங் செய்யத் தெரிந்தவர்தான் வேண்டும். இன்னொன்று: டாக்மேஜிக்கின் அடாப்டர் 12 வோல்ட் ஏசி. டிசி இல்லை. அடாப்டர் போய்விட்டால், முள் பொருந்துகிறதே என்று கையில் கிடைத்ததைச் செருகிவிடாதீர்கள்.

டிவிக்காக டாக் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்டிகலில் சத்தமே வரவில்லை என்றால் டிவி செட்டிங்கில் டால்பியை எடுத்துவிட்டு பிசிஎம் (சுருக்காத சாதா சிக்னல்) போடுங்கள். இந்த மூன்று டாக்குகளில் எதுவும் டால்பியைப் பிரிக்காது, புதுசானாலும்.

யுஎஸ்பி ஒன்றே வழி, 24 பிட் கோப்புகள் நிறைய, டாக்கில் ஏற்கெனவே கோளாறு என்றால் டாப்பிங் போதும். எனக்கு இந்த மூன்றும் இல்லை. டாப்பிங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நெட்வொர்க்கில் வரும் பாட்டை வாங்கித் தரும், ஆப்டிகல் அவுட் உள்ள ஒரு சின்ன ஸ்ட்ரீமரை வாங்கி டாக்மேஜிக்கில் செருகினேன். அவுட்டை 96ல் கட்டிப்போட்டுவிட்டேன். மிஞ்சிய காசில் ஸ்பீக்கருக்கு இரண்டு ஸ்டாண்டு. அதற்கு மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதனை செய்யத் தேவைப்படவில்லை.