சீலைப்பேனும் காஸ் துணியும் அறிந்த ஒரு பத்திரிகையாளர்

ஆக்னஸ் ஸ்மெட்லி எழுதிய ‘பேட்டில் ஹிம் ஆஃப் சைனா’ புத்தகத்தின் மறுபதிப்பை இணையத்தில் 1,140 ரூபாய்க்கு வாங்கினேன். பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தது. படித்து முடிக்க ஏழு வாரம் பிடித்தது. மனத்துக்கு நெருக்கமான புத்தகமாக ஆகிவிட்டதால், அதன் நிறையையும் குறையையும் பொறுமையாகவே எழுதுகிறேன்.

முதலில், இதை ஏன் தேடிப் போனேன் என்று சொல்ல வேண்டும். நான் அரசு மருத்துவமனையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பயிற்சிக் காலத்தில் எங்கள் ஆசிரியை டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சோலாப்பூர்க்காரர். 1938இல் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் ஒருவராக, ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்குச் சென்று, போர்முனையில் அறுவை சிகிச்சை செய்து, 1942 டிசம்பரில் 32 வயதில் அங்கேயே உயிர் விட்டவர். அந்த ஐவரையும் யார் அழைத்தார்கள் என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகுதான் விடை தேட நேரம் கிடைத்தது. சீனக் கம்யூனிஸ்டுகளின் எட்டாவது மார்க்கப் படையின் தளபதி சூ தே, 1937 நவம்பரில் நேருவுக்கு உதவி கேட்டுக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் பின்னால் நின்று தூண்டியவர் ஒரு அமெரிக்கப் பெண் பத்திரிகையாளர். அவர்தான் ஸ்மெட்லி.

1943இல் நியூயார்க்கில் வெளிவந்த புத்தகம் இது. 1928 கடைசியில் ஒரு ஜெர்மன் நாளிதழின் நிருபராக அவர் ரயிலில் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது தொடங்கி, 1940இல் உடல் நைந்து ஹாங்காங் வந்து சேர்ந்தது வரையிலான பன்னிரண்டு ஆண்டுகள்தான் இதன் பெரும்பகுதி. அதற்கு முன் தம் இளமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். 1892இல் மிசோரியில் ஏழைக் குடும்பத்தில் பிறப்பு. கொலராடோவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளர்ப்பு. ஊரார் துணிகளைத் துவைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தாய். நியூயார்க்கில் லாலா லஜபதி ராயிடம் இந்தியாவைப் பற்றிப் பாடம். இந்திய விடுதலைக்காரர்களுடன் சேர்ந்து உழைத்ததற்காக 1918இல் சிறைவாசம். பிறகு பெர்லினில் சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவோடு சில ஆண்டுகள் வாழ்க்கை. அந்த வாழ்க்கை அவரைப் பிழிந்து எடுத்துவிட்டது. ஆனாலும் சட்டோவைப் பற்றி எழுதும்போது ஒரு கசப்புச் சொல் இல்லை. சுதந்திர நாட்டில் பிறந்திருந்தால் எங்கோ போயிருக்க வேண்டியவர் என்று மதிப்போடுதான் எழுதுகிறார். இந்திய வாசகர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

ஷாங்காய்ப் பகுதியில் என்னைப் பிடித்து நிறுத்தியது எழுத்தாளர் லூ ஷுனின் ஐம்பதாவது பிறந்தநாள் விழா. 1930இல் ஒரு டச்சு உணவகத்தை அதற்காக ஏற்பாடு செய்தவர் ஸ்மெட்லி. வந்தவர்களில் பலரைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. உள்ளே பேச்சு நடக்க, இவர் தோட்டத்து வாசலில் நின்று நீண்ட தெருவைக் காவல் காக்கிறார். சில மாதங்களில், 1931 பிப்ரவரியில், இளம் இடதுசாரி எழுத்தாளர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். அதன்பின் லூ ஷுனைப் பார்க்கப் போகிறார். சவரம் செய்யாத முகம், கலைந்த தலை, காய்ச்சல் கண்டதுபோல் பளபளக்கும் கண்கள். துக்கத்தில் உடல் எப்படி மாறும் என்பதை வார்டுகளில் பார்த்தவள் நான். ஒரு மருத்துவக் குறிப்பைப் போல அத்தனை துல்லியமாக எழுதியிருக்கிறார்.

கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமாக இருந்த யெனான் பற்றிய பகுதியைத்தான் பலரும் முதலில் புரட்டுவார்கள் என்று நினைக்கிறேன். 1937இல் அங்கே மாவோவைச் சந்திக்கிறார். முதல் பார்வையில் அவரிடம் தமக்கு ஈர்ப்பு வரவில்லை, ஒருவித விலகலே வந்தது என்று மறைக்காமல் எழுதுகிறார். சூ தேவிடம் அப்படியல்ல. கண்டவுடன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தமிடுகிறார். தளபதிகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறார். அதனால் அங்கிருந்த பெண்கள் தம்மைப் படையைக் கெடுக்க வந்தவளாகப் பார்த்தார்கள் என்பதையும் சொல்கிறார். இவையெல்லாம் படிக்கச் சுவைதான். ஆனால் புத்தகத்தின் உயிர் இங்கே இல்லை என்பது என் எண்ணம்.

அதன் உயிர் காயம்பட்டவர்களிடம் இருக்கிறது. 1938இல் ஹான்கோவிலும் அதன்பின் யாங்சிப் பள்ளத்தாக்கிலும், சீனச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவப் படையோடும் கம்யூனிஸ்டுகளின் புதிய நான்காம் படையோடும் அவர் அலைந்த பகுதி அது. அந்த மருத்துவப் படையை நடத்திய டாக்டர் ராபர்ட் லிம் சிங்கப்பூரில் பிறந்து எடின்பரோவில் படித்த உடலியல் பேராசிரியர். தலைவர்களின் பேட்டிகளுக்குக் கொடுக்கும் அதே மரியாதையை இந்த மருத்துவரின் வேலைக்கும் ஸ்மெட்லி கொடுக்கிறார். போர்முனையிலிருந்து மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் கிடையாது. ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் போதாது. நடக்க முடிந்தவர்கள் புண்ணோடு நாள்கணக்கில் நடந்தே வருகிறார்கள். நடக்க முடியாதவர்கள் வருவதில்லை. கொயினா இல்லை, போர்வை இல்லை, சோப்பு இல்லை. எந்தப் படைப்பிரிவில் என்ன இல்லை என்று விடாமல் கேட்டு, எழுதி, உலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார் இந்தப் பெண்.

சீலைப்பேனைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதிய வேறொரு பத்திரிகையாளரை நான் படித்ததில்லை. இளையவர்களுக்கு இது விளங்காமல் போகலாம் என்பதால் சொல்கிறேன். தலைப்பேன் வேறு, சீலைப்பேன் வேறு. இது துணியின் தையல் மடிப்புகளில் முட்டையிட்டுக் குடியிருக்கும். டைஃபஸ் காய்ச்சலைப் பரப்பும். ஒரே உடுப்போடு மாதக்கணக்கில் கிடக்கும் படையில் குண்டுக்குத் தப்பியவனை இது கொன்றுவிடும். துணியைக் கொதிக்க வைத்தால் போதும், மடிந்துவிடும். ஆனால் கொதிக்க வைக்க அண்டாவும் விறகும் வேண்டும். அது கொதிக்கும் நேரத்தில் உடுத்திக்கொள்ள இன்னொரு துணி வேண்டும். அந்த இன்னொரு துணிதான் இல்லை. பேன் ஒழிப்பும் சொறிசிரங்கு ஒழிப்பும் மருத்துவப் படையின் பெரிய வேலைகளாக இருந்ததன் காரணம் இதுதான். இந்தக் கணக்கு பிடிபட்டவர் என்பதால்தான் ஸ்மெட்லியை நான் நம்புகிறேன்.

எண்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த வார்டில், இரவுப் பணியின் பாதி, புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியை வெட்டி மடிப்பதிலேயே போகும். மடித்ததை டிரம்மில் அடுக்கி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். ரோலர் பேண்டேஜைத் துவைத்துக் காயவைத்து, முழங்காலில் வைத்து உருட்டிச் சுற்றுவோம். மாத இறுதியில் ஸ்டோரில் துணி இல்லை என்று கை விரித்தால், எந்தப் புண்ணுக்கு இன்று கட்டு மாற்றுவது, எதை நாளைக்குத் தள்ளுவது என்று நாங்களே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவின் பாரம் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சீனத்துப் படை மருத்துவமனைகளில் காஸ் துணியைத் துவைத்துத் துவைத்துத் திரும்பக் கட்டிய நிலையைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மேலே படிக்க முடிந்தது.

ஷென் குவோ-ஹ்வா என்ற சிறுவனின் அத்தியாயம் தனி. மத்தியச் சீனாவில் ஒரு கொரில்லாப் படையோடு ஸ்மெட்லி தங்கியிருந்தபோது அவருக்கு உதவியாளாகக் கொடுக்கப்பட்ட பையன். பத்து, பதினொரு வயது இருக்கும். அவர் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார், அவன் அவரைக் கவனித்துக்கொள்கிறான். பிள்ளையில்லாத அவர், அவனைத் தத்தெடுத்துப் படிக்க வைக்க ஆசைப்பட்டுப் படையினரிடம் கேட்கிறார். முடிவு அவனுடையது என்கிறார்கள். ஆண்கள் எல்லாரும் போர்முனையில் இருக்க வேண்டும், வெற்றி கிடைத்த பிறகு நீங்கள் என்னைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்பது அவன் பதில். ஸ்மெட்லி இதை இழுத்து எழுதவில்லை. அவனை விட்டுவிட்டுப் புறப்படுகிறார், அவ்வளவுதான். குழந்தைகள் வார்டில் ஒன்பது ஆண்டு இருந்த எனக்கு, அந்தப் பையனின் முகம் தெரிகிறது.

குறை இல்லாத புத்தகமா என்றால், இல்லை. கோபம் மேலோங்கும் இடங்களில் ஆட்களைக் கறுப்பு வெள்ளையாகப் பிரித்துவிடுகிறார். ஆனாலும் அப்போது சீனாவை ஆண்ட குவோமிந்தாங் கட்சிப் படையின் சாதாரணச் சிப்பாய்களையும் நல்ல அதிகாரிகளையும் அவர் அன்போடு எழுதியிருப்பதைச் சொல்லியாக வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அவர் சொல்லாமல் விட்டது. ஷாங்காயில் சோவியத் உளவாளி ரிச்சர்ட் ஸோர்கேயோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் இருந்தது. புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மாஸ்கோவிலிருந்து இயங்கிய கம்யூனிஸ்ட் அகிலத்துக்காக அவர் வேலை செய்ததைப் பிற்கால ஆய்வாளர்கள் சோவியத் ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1943இல் இதை எழுதியிருக்க முடியாது என்பது புரிகிறது. படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. காஸ் துணியைப் பற்றி அவர் எழுதியது இதனால் பொய்யாகிவிடாது.

இனி இந்தப் பதிப்பு. பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஆர்டர் வந்தபின் அச்சடித்து அனுப்பும் வகை. எழுத்து பல பக்கங்களில் மங்கல். ஓரிடத்தில் அடிவரி வெட்டுப்பட்டு, வாக்கியம் பாதியில் நிற்கிறது. மூலப் பதிப்பில் இருந்த புகைப்படங்கள் இதில் கறுப்புத் திட்டுகளாக இருக்கின்றன. முதுகுப் பசை மூன்றாம் வாரத்திலேயே விட்டுப் பதினாறு பக்கம் கையோடு வந்துவிட்டது. புகார் எழுதினேன், பாதி விலையைத் திருப்பித் தருவதாகப் பதில் வந்தது, பணம் இன்னும் வரவில்லை. நல்ல தாளில் உள்ள பழைய பிரதி கிடைத்தால், இருநூறு முந்நூறு கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

இன்னொரு சிரமம் பெயர்கள். பெய்ஜிங் அதன் அன்றைய பெயரில் ‘பெய்பிங்’ என்றும், யான்ஆன் பழைய எழுத்துமுறையில் ‘யெனான்’ என்றும் இருக்கும். குறிப்புரை எதுவும் இல்லை. இன்றைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நூறு பக்கத்துக்குள் பழகிவிடும். ஆங்கிலம் கடினமானது அல்ல. நாளிதழுக்கு எழுதிப் பழகிய கை. வாக்கியங்கள் நேராக இருக்கின்றன.

புத்தகம் முடியும் இடத்துக்குப் பின் அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை வேறு நூல்களில்தான் தேடிப் படித்தேன். 1949இல் அமெரிக்க ராணுவம் அவரைச் சோவியத் உளவாளி என்று அறிக்கை விட்டது, சில நாளிலேயே ஆதாரமில்லை என்று பின்வாங்கியது. ஆனால் அவர் பெயர் கெட்டது கெட்டதுதான். இங்கிலாந்து சென்றார். வயிற்றுப்புண் அறுவை சிகிச்சைக்குப் பின் 1950 மே 6ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் இறந்தார். அப்போது அவர் மேசையில் இருந்தது சூ தேவின் வாழ்க்கை வரலாறு. அது 1956இல் வெளிவந்தது. அவர் சாம்பல் பெய்ஜிங்கின் பாபாவோஷான் கல்லறையில் இருக்கிறது. நடுகல்லின் எழுத்து சூ தே எழுதியது.

எழுத்துக்கு ஐந்து நட்சத்திரம். இந்த அச்சுக்கு இரண்டு. என் பிரதியைத் தெற்கு வீதி பைண்டிங் கடையில் கொடுத்திருக்கிறேன். பிரித்து, நூலால் தைத்து, காலிகோ துணி ஒட்டித் தர 180 ரூபாய் கேட்டார்கள். தைத்து வந்ததும், செவிலியர் பயிற்சிப் பள்ளியில் இப்போது பாடம் நடத்தும் என் பழைய மாணவி முதல் ஆளாகக் கேட்டு வைத்திருக்கிறாள்.