தீப்பெட்டி நீளத்தில் ஒரு குளவி: 1/100 வெஸ்பே, நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின்

வெஸ்பே என்றால் ஜெர்மனில் குளவி. பான்சர் 2 டாங்கியின் அடிச்சட்டத்தில் 10.5 செ.மீ. ஹோவிட்சரை (குண்டை வளைவாக எறியும் பீரங்கி) ஏற்றிய இந்த ஜெர்மன் வண்டி, இரண்டாம் உலகப் போரில், 1943 கோடையில் ரஷ்யாவின் குர்ஸ்கில் நடந்த போரில் களமிறங்கியது. அசல் நீளம் 4.81 மீட்டர், மேசையில் ஆடும் போர் விளையாட்டுக்கான இந்த 1/100 மாடல் ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி நீளம். உடல் ரெசின் (அச்சில் ஊற்றி வார்க்கும் ஒருவகை பிளாஸ்டிக்), தடங்களும் பீரங்கியும் உலோகம்.

பெரிய குறை சுவரின் தடிமன்தான். பீரங்கி அறையைச் சுற்றிய தகடு அசலில் வெறும் 10 மி.மீ. மாடலில் 0.1 மி.மீ. இருக்க வேண்டும், ரெசினில் 1 மி.மீ.க்குக் குறைத்து வார்ப்பதே கஷ்டம். கூரையில்லாத வண்டி, விளையாடுபவர் பார்ப்பதும் மேலிருந்து, அதனால் கோட்டை மதில் போலத் தெரியும். சுவர் முழுவதையும் தேய்க்கப் போனால் உடைந்துவிடும். மேல் விளிம்பை மட்டும் உட்பக்கமாகச் சரித்து, 400 நம்பர் சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும், கண் ஏமாந்துவிடும். உலர்ந்தபடி தேய்க்க வேண்டாம், ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சுவர் வளைந்து வந்திருந்தால் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் அமுக்கலாம். வண்ணத்துக்கு முன் பூசும் பிரைமர் உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் அச்சில் தடவிய எண்ணெய்தான் காரணம். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவியே தொடங்குங்கள். பிளாஸ்டிக் பசை ரெசினில் பிடிக்காது, சூப்பர் க்ளூ வேண்டும். ஆனால் பீரங்கிக் குழலை வெறும் பசையில் நிறுத்தினால் நாலு ஆட்டம் தாங்காது. 0.8 மி.மீ. துளையிட்டுக் கம்பி செருகுங்கள்.

பீரங்கி, வீரர்கள், உடல் மூன்றுக்கும் தனித்தனியாக வண்ணம் பூசிவிட்டுப் பிறகு ஒட்டவும். முதலிலேயே ஒட்டினால் பீரங்கிக்குப் பின்னால் பிரஷ் நுழையாது. அடிநிறம் அடர்மஞ்சள். ஈரப்பதம் கூடிய நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும்.

விளையாட்டில் இதன் இடம் கொஞ்சம் சங்கடமானது. சுமார் 10.6 கி.மீ. சுடும் பீரங்கி இது; அதே அளவில் 106 மீட்டர். மேசையோ ஆறடி! நிஜத்தில் ஒரு பேட்டரிக்கு, அதாவது ஒரு பீரங்கிப் படைப்பிரிவுக்கு, ஆறு வெஸ்பே. ஆறையும் மேசையில் வரிசையாக நிறுத்தினால் வாகன நிறுத்தம்தான். இரண்டே போதும்.

மூன்றாவது ஒன்று கையில் இருந்தால் அதைக் குண்டு சுமக்கும் வண்டியாக மாற்றுங்கள். வெஸ்பேயில் 32 குண்டுக்குத்தான் இடம் என்பதால் பீரங்கி இல்லாத அதே வண்டி 159 கட்டினார்கள். குழலை விட்டுவிட்டு, முன்பக்கத் திறப்பை 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டால் அடைத்தால் வேலை முடிந்தது.