கல்லூரிக் கட்டணத்துக்கு எந்த வரிச்சலுகை: ஏ.ஓ.டி.சி.யா, லைஃப்டைம் லேர்னிங்கா?

அமெரிக்காவில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்திருக்கும் வீடுகளுக்கு ஜனவரி கடைசிக்குள் 1098-டி என்ற படிவம், அதாவது கட்டிய கட்டணத்தைக் காட்டிக் கல்லூரி தரும் வரிப்படிவம், வந்துவிட வேண்டும். வீட்டுத் தபால்பெட்டியில் தேடாதீர்கள். பெரும்பாலும் மாணவரின் கல்லூரிக் கணக்கில்தான் கிடக்கும். அதை வைத்துக் கேட்கக்கூடிய கிரெடிட்டுகள், அதாவது கட்டவேண்டிய வரியிலிருந்து நேரடியாகக் கழியும் சலுகைகள், இரண்டு: அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி எனப்படும் ஏ.ஓ.டி.சி., இன்னொன்று லைஃப்டைம் லேர்னிங். ஒரே மாணவருக்கு ஒரே வருடத்தில் இரண்டையும் வாங்க முடியாது.

இளநிலைப் பட்டப்படிப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஏ.ஓ.டி.சி.தான். முதல் 2,000 டாலர் செலவு முழுவதும் கிரெடிட்டாகக் கிடைக்கும், அடுத்த 2,000 டாலரில் கால் பங்கு. ஆக, 4,000 டாலர் கட்டினால் 2,500 டாலர். லைஃப்டைமில் அதே 4,000 டாலருக்கு 20 சதவீதம், அதாவது 800 டாலர்தான். அதன் உச்சவரம்பான 2,000 டாலரைத் தொட 10,000 டாலர் செலவு காட்ட வேண்டும். அதுவும் குடும்பத்துக்கு மொத்தமாக 2,000. ஏ.ஓ.டி.சி. தலைக்கு 2,500 என்பதால், இரண்டு பிள்ளைகள் படித்தால் 5,000 வரை போகும். கட்டவேண்டிய வரியே இல்லாத குடும்பத்துக்கும் ஏ.ஓ.டி.சி.யில் 1,000 டாலர் வரை கையில் வரும். லைஃப்டைமில் அப்படி வராது. வெளிக்கடையில் வாங்கிய பாடப்புத்தகமும் ஏ.ஓ.டி.சி. கணக்கில் சேரும். ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள், 1098-டியில் அது இருக்காது.

சரி, அப்புறம் லைஃப்டைம் எதற்கு? ஏ.ஓ.டி.சி. ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகள்தான் (வரி ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை). பட்டமோ சான்றிதழோ பெறும் படிப்பில், குறைந்தது பாதிநேர மாணவராக இருந்தாக வேண்டும். லைஃப்டைமுக்கு அந்த நிபந்தனைகள் இல்லை. முதுநிலைப் படிப்பு, வேலை பார்த்துக்கொண்டே எடுக்கும் ஒற்றைப் பாடம் எல்லாவற்றுக்கும் அதுதான் வழி.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சேர்ந்து 2029 மேயில் முடிக்கும் மாணவரின் நான்கு வருடப் படிப்பு ஐந்து வரி ஆண்டுகளில் விழுகிறது. அதில் ஒன்றை விட்டாக வேண்டும். முதல் வருடம் ஒரே ஒரு செமஸ்டர், கட்டியது 4,000-ஐத் தொடவில்லை என்றால் அந்த வருடத்துக்கு லைஃப்டைமை எடுத்துக்கொண்டு ஏ.ஓ.டி.சி.யைச் சேமித்து வைப்பது நல்லது.

படிவத்தில் முக்கியமாகப் பார்க்கவேண்டியவை இரண்டு கட்டங்கள். ஒன்றாம் கட்டம், அந்தக் காலண்டர் வருடத்தில் கல்லூரிக்கு வந்து சேர்ந்த கட்டணம். ஐந்தாம் கட்டம், உதவித்தொகை. ஜனவரி செமஸ்டருக்கு டிசம்பரிலேயே கட்டியிருந்தால் அது கட்டிய வருடத்துக் கணக்கு. ஐந்தாம் கட்டத் தொகை ஒன்றாம் கட்டத்தை விழுங்கிவிட்டால் "நமக்கு ஒன்றும் கிடையாது" என்று படிவத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். எனக்கு ஆதங்கமே இதில்தான். கம்யூனிட்டி காலேஜில் கட்டணம் 6,000, வருமானம் குறைந்த வீட்டு மாணவருக்கு அரசு தரும் பெல் கிராண்ட் உதவித்தொகையும் 6,000 என்று வையுங்கள். பெல் பணத்தைச் சாப்பாடு, வாடகைக்கும் செலவழிக்கலாம். அதில் 4,000 டாலர் அப்படிப்பட்ட செலவுக்குப் போனதாக மாணவர் தன் வருமானத்தில் காட்டினால், கட்டணத்தில் 4,000 கைக்காசில் கட்டியதாகக் கணக்காகி, கிரெடிட்டுக்குத் தகுதி பெறும். மாணவருக்கு வேறு வருமானம் பெரிதாக இல்லாவிட்டால் அதற்கு வரி வராது. பெற்றோருக்கு 2,500 டாலர் வரை கிரெடிட் கிடைக்கும். சட்டம் அனுமதிக்கும் வழிதான் இது, வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் 970-ம் வெளியீட்டிலேயே விளக்கம் இருக்கிறது. கட்டணத்துக்கு மட்டுமே என்று கட்டுப்படுத்திய உதவித்தொகையில் மட்டும் இது செல்லாது. படிப்புக்கென வரிச்சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கு வைத்திருப்பவர்களும் இதே போல 4,000 டாலரை அந்தக் கணக்குக்கு வெளியிலிருந்து கட்ட வேண்டும். ஒரே செலவை இரண்டு இடத்தில் காட்டக்கூடாது.

வருமான வரம்பில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 1,60,000 டாலரில் குறையத் தொடங்கி 1,80,000-ல் நின்றுவிடும். தனியாள் என்றால் 80,000 முதல் 90,000 வரை. கணவன், மனைவி தனித்தனியாகத் தாக்கல் செய்தால் இரண்டுமே கிடையாது. 2026 வரி ஆண்டிலிருந்து கேட்பவருக்கும் மாணவருக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம். எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில், அந்த எண் கிடைக்காதவர்களுக்கான வரி எண்ணான ஐ.டி.ஐ.என். மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எம்.எஸ். படிக்க எஃப்-1 மாணவர் விசாவில் வந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடங்கள் நீங்கள் 1040-என்.ஆர். படிவக்காரர்கள், அதாவது வரிக்கணக்கில் அமெரிக்காவில் வசிக்காதவர்கள். 1098-டி கையில் இருந்தாலும் இந்த இரண்டு கிரெடிட்டும் உங்களுக்கு இல்லை. வரி மென்பொருள், அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கான சாதாரண 1040 படிவத்தில் தொகையைக் காட்டுகிறதே என்று அனுப்பிவிடாதீர்கள், பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். உங்களுக்கான சலுகை இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவில் இருக்கிறது: என்.ஆர். படிவத்திலேயே ஸ்டாண்டர்ட் டிடக்ஷனை, அதாவது வருமானத்தில் வரி இல்லாமல் கழித்துக்கொள்ளும் நிலையான தொகையை, எடுத்துக்கொள்ளலாம்.