அடக்குவதா, பழுது பார்ப்பதா: ஏஎல்எஸ் சிகிச்சையின் இரண்டு வழிகள்

தசைகளை இயக்கும் நரம்பு செல்களைத் தாக்கும் மோட்டார் நியூரான் நோய்களில் அதிகம் காணப்படும் ஏஎல்எஸ், நரம்பு செல்களைக் கொல்லும் நோய் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் செல் சாவதற்கு வெகு முன்பே சினாப்ஸ் கெடத் தொடங்கிவிடுகிறது. ஒரு நரம்பு அடுத்த நரம்பிடமோ தசையிடமோ செய்தியை ஒப்படைக்கும் இடம் அது. எஸ்ஓடி1 மரபணுப் பிறழ்வு கொண்ட எலிகளில் 2004-ல் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். 47-ம் நாளிலேயே நரம்பு முனைகள் தசையை விட்டு விலகியிருந்தன. தண்டுவடத்தில் செல்கள் குறைந்ததோ 80-ம் நாளுக்குப் பிறகுதான்.

சரி, சினாப்ஸை எப்படிக் காப்பது? ஒரு வழி, அங்கே நடக்கும் அளவுமீறிய தூண்டலை அடக்குவது. இன்னொன்று, சினாப்ஸின் கெட்டுப்போன பாகத்தையே திரும்பச் செய்வது.

முதல் வழியின் மருந்து ரிலுசோல். அடுத்த செல்லைத் தூண்ட நரம்பு முனையிலிருந்து வெளியேறும் குளூட்டமேட் என்ற ரசாயனத்தைக் குறைக்கிறது. குளூட்டமேட் தேவைக்கு மேல் தேங்கினால் அடுத்த செல்லுக்குள் கால்சியம் புகுந்து அதை அழிக்கும் என்பது இதன் அடிப்படை. அமெரிக்காவில் 1995-ல் அனுமதி கிடைத்தது. 50 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை; ஈரலுக்காக அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. சோதனைகளில் அது கூட்டித் தந்த ஆயுள் இரண்டு மூன்று மாதம். பின்னாளில் நோயாளிப் பதிவேடுகளை வைத்துச் செய்த பல ஆய்வுகளில் பலன் அதைவிடக் கூடுதலாகத் தெரிந்தது.

இதே கணக்கில் வந்த மற்றவை தேறவில்லை. குளூட்டமேட்டை அப்புறப்படுத்தும் புரதத்தைக் கூட்டும் என்று நம்பப்பட்ட செஃப்ட்ரியாக்சோன், எலிகளில் பலன் தந்தது. மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனையில் தோற்றது. தூண்டலைத் தணிப்பது தேவைதான், ஆனால் அது நோயின் வேரைத் தொடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் நம்பிக்கை இரண்டாவது வழியில்தான் இருக்கிறது. ஏஎல்எஸ் நோயாளிகளில் சுமார் 97 சதவீதம் பேருக்கு டிடிபி-43 என்ற புரதம் செல்லின் கருவை விட்டு வெளியேறிவிடுகிறது. புரதம் செய்வதற்கான கட்டளையை மரபணுவிலிருந்து எடுத்துச் செல்லும் ஆர்என்ஏ செய்திகளில் வேண்டாத துண்டுகள் சேராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று. அது இல்லாதபோது யுஎன்சி13ஏ மரபணுவின் செய்திக்குள் தவறான துண்டு ஒன்று நுழைகிறது. சினாப்ஸில் ரசாயனப் பொதிகளை வெளியிடத் தயார்செய்யும் புரதத்தைத் தருவது இந்த மரபணு; துண்டு நுழைந்தால் அந்தப் புரதம் குறைந்துவிடுகிறது. 2022-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. என்னை அசரவைத்தது இன்னொரு விஷயம்: ஏஎல்எஸ் அபாயத்தைக் கூட்டுவதாக 2009-லேயே இந்த மரபணுவில் அடையாளம் காணப்பட்டிருந்த மாற்றத்தோடு தொடர்புள்ள மாற்றங்கள் அந்தத் துண்டு நுழையும் பகுதியிலேயே இருந்தன. பதின்மூன்று ஆண்டு காரணம் தெரியாமல் கிடந்த புள்ளி!

அந்தத் துண்டை மறைக்க, ஆர்என்ஏ செய்தியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிசென்ஸ் மருந்துகளை உருவாக்கி வருகிறார்கள். இந்த முறை ஏஎல்எஸ்-இல் எடுபடுமா என்ற கேள்விக்கு டோஃபெர்சென் என்ற ஆன்டிசென்ஸ் மருந்து ஓரளவு விடை சொல்கிறது. எஸ்ஓடி1 பிறழ்வு உள்ளவர்களுக்கு மட்டுமான மருந்து, அதாவது நோயாளிகளில் சுமார் 2 சதவீதம். தொடக்கத்தில் மூன்று ஊசி இரண்டு வார இடைவெளியில், அப்புறம் 28 நாளுக்கு ஒருமுறை, முதுகுத்தண்டு வழியாக. 28 வாரச் சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆனாலும் நரம்புச் சேதத்தைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் ரத்தத்தில் வெகுவாகக் குறைந்தது. அதை வைத்து 2023 ஏப்ரலில் அமெரிக்கா விரைவு அனுமதி கொடுத்தது.

ஒரு நெருடல் உண்டு. ரிலுசோல் வெளியேற்றத்தைக் குறைக்கிறது. யுஎன்சி13ஏ வழி வெளியேற்றத் திறனை மீட்கப் பார்க்கிறது. இரண்டும் மோதுமா? எல்லா சினாப்ஸும் ஒரே சமயத்தில் ஒரே விதமாகக் கெடுவதில்லை என்பதால், மோதும் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனைதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு இந்நோய் என்று தெரிந்தால், ரிலுசோலைத் தள்ளிப்போடாதீர்கள். குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றாலும் எஸ்ஓடி1 பரிசோதனை பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சுக்கு உதவும் முகமூடிக் கருவியையும் மறக்க வேண்டாம். 2006-ல் வந்த சோதனையில், பேச்சும் விழுங்குதலும் ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு அது சுமார் 205 நாள் கூடுதல் ஆயுள் தந்தது. இரண்டு வழி மருந்துகளையும் பற்றிப் பேசும் ஆர்வத்தில் பலருக்கு இது காதில் விழுவதே இல்லை.